தோள்பட்டை வலிக்கு பி.ஆர்.பி. ஊசி... ஆட்டை விற்பதற்கு முன் இதைப் படியுங்கள்!

மக்காச்சோளத்துக்கு மருந்தடித்து முடித்து, கதிர் பிடிக்கிற நேரம் வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பயிரோடு உடம்பும் சேர்ந்துகொள்ளும். இடுப்பு, முட்டி, தோள்பட்டை என்று வரிசையாகக் கேள்விகள். இந்த முறை வேப்பந்தட்டை பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வயது 54. மானாவாரியில் 4 ஏக்கர் மக்காச்சோளம், கொஞ்சம் சின்ன வெங்காயம், சில வெள்ளாடுகள். 3 மாதமாக வலது தோளில் வலி. ராத்திரியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சட்டையில் கை நுழைக்கும்போது உயிர் போகிறது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தசைநாண் பாதி கிழிந்திருக்கிறது, உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுத்தம் செய்து தோளில் ஊசியாகப் போட்டால் சரியாகிவிடும், 3 ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்ட தொகைக்கு 4 ஆடுகளை விற்றால் சரியாக இருக்குமாம். ‘விற்கலாமா?’ என்று கேட்டிருக்கிறார்.

‘பொறுங்கள், இப்போது விற்க வேண்டாம்’ என்று அவருக்கு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டுவிட்டோம். இதே ஊசியைப் பற்றி செந்துறை, ஜெயங்கொண்டம் வாசகர்களும் கேட்டிருப்பதால் காரணத்தை இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

கமலை வடம் நையும் இடம்

தோள் மூட்டு ஒரு பந்து, கிண்ணம் மாதிரி. ஆனால் கிண்ணம் ரொம்பவும் ஆழமில்லாதது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பந்து நழுவாமல் பிடித்துக்கொள்வது எலும்பு அல்ல, சுற்றியிருக்கும் 4 தசைகள். இந்தத் தசைகளின் முனையில் கயிறு போல இருந்து எலும்போடு கட்டி வைப்பதுதான் தசைநாண். நான்கில் மேல்பக்கம் இருக்கும் தசையின் நாண், தோளின் உச்சியில் கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கு அடியில் புகுந்து போகிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் வேலை செய்வது இதுதான். கமலை இறைத்த காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். உருளையில் ஏறி இறங்கும் இடத்தில்தான் வடம் முதலில் நையும் என்பார்கள். தோளிலும் நைவது பெரும்பாலும் அந்த மேல் நாண்தான். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், சதையில் பட்ட காயம் ஆறுவதுபோல் சீக்கிரம் ஆறாது.

நம் ஊர் வேலைகளில் தோளுக்கு வேலை வைக்காதது எதுவுமே இல்லை. மூட்டை தூக்குவது, வைக்கோல் போர் மேயும்போது தலைக்கு மேல் எறிவது, தண்ணீர்க் குடம், பருத்தி எடுப்பு. இவற்றோடு 2018-க்குப் பிறகு ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. அந்த ஆண்டு கர்நாடகாவில் முதன்முதலாகக் கண்ணில்பட்ட படைப்புழு, அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தையும் மேய்ந்து தள்ளியது நினைவிருக்கும். அதுவரை மக்காச்சோளம் என்றால் விதைத்துவிட்டு, களையெடுத்து, உரம் வைத்து, அறுவடைக்குப் போகிற வெள்ளாமை. இப்போது ஒரு பருவத்துக்கு இரண்டு, மூன்று முறை குருத்தில் படும்படி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால், 16 லிட்டர் கைத்தெளிப்பானில் 12, 13 டேங்க். ஒவ்வொரு டேங்கும் தண்ணீரோடு சேர்ந்து சுமார் 20 கிலோ. அதை 4 ஏக்கருக்கு 50 முறை முதுகில் ஏற்றி இறக்க வேண்டும். வாரை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு மறுகையைப் பின்னால் வளைத்து நுழைக்கிறோமே, அந்த ஒரு அசைவு நைந்த நாணுக்கு ஆகவே ஆகாது. அதற்கு மேல் ஒரு கை நெம்புகோலை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாவட்டத்துத் தோள்களையும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இருந்தாலும், மருந்தடித்து முடித்த மாதத்தில் ஏன் தோள்பட்டை கடிதங்கள் வருகின்றன என்பதற்கு எங்களுக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

ஊசியில் இருப்பது என்ன?

டெங்கு வந்தால் ‘பிளேட்லெட் குறைஞ்சிடுச்சு’ என்பார்கள் அல்லவா, அதே பிளேட்லெட்தான். தமிழில் தட்டணு. நல்ல உடம்பில் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். அறுவாள் பட்டால் முதலில் ஓடிவந்து ரத்தத்தை உறைய வைப்பது இவைதான். அதோடு நிற்காமல், காயத்தை ஆற்றும் புரதங்களையும் அங்கே கொட்டுகின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர்.

பி.ஆர்.பி. என்பது தட்டணு செறிந்த பிளாஸ்மா. உங்கள் கையிலிருந்து 20 முதல் 60 மில்லி ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். பால் சொசைட்டியில் முன்பெல்லாம் கொழுப்பு பார்க்கக் குழாயில் பாலை ஊற்றிச் சுழற்றுவார்களே, அதே வேலைதான். கனமான சிவப்பணு அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாக நிற்கும் பிளாஸ்மாவில் தட்டணுக்கள் அதிகமாக இருக்கும் பகுதியை மட்டும் சில மில்லி உறிஞ்சி எடுத்து, நாண் நைந்த இடத்தில் செலுத்துவார்கள். தட்டணு அளவு சாதாரண ரத்தத்தைவிட 3 முதல் 5 மடங்கு வரை இருக்கும். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு.

1990-களில் தாடை, பல் அறுவை சிகிச்சைகளில் பேர் வாங்கிய முறை இது. 2009-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹைன்ஸ் வார்டு, இறுதிப் போட்டிக்கு முன் முட்டிக் காயத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு களமிறங்கினார். கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸும் போட்டுக்கொண்டார். அதன் பிறகு உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவத்தில் பரவி, பெருநகரங்களைத் தாண்டி இன்று நம் மாவட்டங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. வீரர்கள் போட்டுக்கொண்டார்கள் என்பது நல்ல விளம்பரம். அவர்களுக்கு அருகிலேயே பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், ஓய்வு, சம்பளம் எல்லாம் இருந்தன என்பதை விளம்பரம் சொல்லாது.

மருந்தடிக்காத பாத்தி

புதிதாக ஒரு பூச்சிமருந்து வாங்கி அடிக்கிறீர்கள். 10 நாளில் புழு குறைகிறது. மருந்து வேலை செய்தது என்பீர்கள். நடுவில் இரண்டு நாள் கனமழை பெய்து குருத்துக்குள் இருந்த இளம்புழுவெல்லாம் கழுவிக்கொண்டு போயிருந்தால்? மருந்தடிக்காமல் 4 வரிசையை விட்டு வைத்திருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? மனித உடம்பிலும் இதே சிக்கல்தான். தோள்பட்டை வலி பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே இறங்கக்கூடியது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசி போடப் போகிறோம். பிறகு குறைந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும்.

அதனால் ஆய்வாளர்கள் ‘மருந்தடிக்காத பாத்தி’ விட்டுப் பார்த்தார்கள். துருக்கியில் 40 நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு பி.ஆர்.பி., மறு பங்குக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரு தரப்புக்கும் உடற்பயிற்சி ஒன்றுதான். 2013-ல் வெளியான முடிவு: ஓராண்டில் இரு தரப்புக்குமே வலி நன்றாகக் குறைந்தது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. சுவிட்சர்லாந்தில் தோளின் மேல் நாணில் உட்கிழிசல் உள்ள 84 பேரிடம் இதேபோல் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். கிழிசலின் அளவில் உப்புநீருக்கும் பி.ஆர்.பி.க்கும் வித்தியாசம் இல்லை. ஊசிக்குப் பிறகு வலி நீடித்தது, தோள் இறுகியது போன்ற தொல்லைகள் பி.ஆர்.பி. பக்கம்தான் அதிகம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த சில ஆய்வுகளில், சில மாதங்கள் கழித்து பி.ஆர்.பி. போட்டவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து நாணைத் தைக்கும்போது கூடவே இதைச் செலுத்தினால் மறுபடி கிழிவது குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. முடிவுகள் ஏன் இப்படி முன்னுக்குப் பின் இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம், பி.ஆர்.பி. என்பது ஒரே பொருள் இல்லை. பஞ்சகவ்யா எல்லாரும் தயாரிக்கிறோம், ஒருவர் தயாரிப்பு மாதிரி இன்னொருவர் தயாரிப்பு இருக்கிறதா? எவ்வளவு ரத்தம், எத்தனை நிமிடச் சுழற்சி, வெள்ளையணுவைச் சேர்த்தா நீக்கியா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஸ்கேனில் கிழிசல் என்றால்...

வேப்பந்தட்டை வாசகரை அதிகம் பயமுறுத்தியது ‘கிழிஞ்சிருக்கு’ என்ற சொல்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. 1999-ல் ஜெர்மனியில், தோளில் எந்த வலியும் இல்லாத 411 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 60 முதல் 69 வயதுக்காரர்களில் 5-ல் ஒருவருக்கு நாண் கிழிசல் இருந்தது. 80-ஐத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. வலி கிடையாது, வேலையும் நடக்கிறது. தலை நரைப்பது போல நாணும் வயதோடு நைகிறது. ஸ்கேனில் தெரிகிற கிழிசலை ஒட்டுவதைவிட, மீதியிருக்கும் தசைகளைப் பலப்படுத்தித் தோளை வேலைக்குக் கொண்டுவருவதுதான் பல பேருக்கு நடைமுறையில் பலன் தருகிறது. பின்லாந்தில் அடிபடாமல் தானாக நாண் கிழிந்த 180 தோள்களை வைத்து நடத்திய ஆய்வில், ஓராண்டு முடிவில் பயிற்சி மட்டும் செய்தவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

இன்னொரு ஆய்வு நம் வாசகர்களுக்கு ரொம்பவும் பொருந்தும். ‘வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய் இயன்முறை சிகிச்சை எடுக்க முடியுமா? காட்டுவேலை யார் பார்ப்பது?’ என்று நாம் கேட்போம். இங்கிலாந்தில் 708 பேரைக் கொண்டு நடந்து, 2021-ல் வெளியான ஆய்வு அது. ஒரு பகுதியினருக்கு இயன்முறை மருத்துவரிடம் 6 தடவை வரை பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு ஒரே ஒரு முறை நேரில் நன்றாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பும் ஒன்றுதான். ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் விடாமல் செய்தால் போதும்.

கற்றுக்கொள்ள தூரம் போக வேண்டியதில்லை. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை, அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. அதற்கும் மேல் என்றால் திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டில் செய்வது எப்படி?

முதலில் ஊஞ்சல் பயிற்சி. நல்ல கையைக் கட்டிலிலோ திண்ணையிலோ ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முன்னும் பின்னும், வட்டமாகவும் இரண்டு நிமிடம் ஆட்டுங்கள். அடுத்து, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சிலந்தி ஏறுவது போல மெதுவாக மேலே ஏற்றுங்கள். எட்டிய உயரத்தில் கரிக்கோடு போட்டு வைத்தால் வாரா வாரம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு வாரம், பத்து நாளில் வலி கொஞ்சம் அடங்கியதும் பலப்படுத்தும் பயிற்சி. இதற்குக் கடையில் ரப்பர் பட்டை வாங்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஜன்னல் கம்பியில் இடுப்புயரத்துக்குக் கட்டுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில், நல்ல கை பக்கம் இருக்கட்டும். வலிக்கிற கையின் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து (இடையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டால் முழங்கை விலகாது), டியூபைப் பிடித்துக் கையை வெளிப்பக்கமாக இழுத்து, மெதுவாகத் திரும்ப விடுங்கள். 10 முறை, இப்படி 3 தடவை. பிறகு திரும்பி நின்று உள்பக்கமாக இழுப்பது. செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வாரம் ‘ஒண்ணும் தெரியலையே’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதோடு தெளிப்பானை மாற்றுங்கள். டேங்கைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், வரப்பிலோ டிராக்டர் தட்டிலோ இடுப்புயரத்தில் வைத்து முதுகைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். 16 லிட்டருக்குப் பதில் 10, 12 லிட்டரோடு நிறுத்தலாம். பேட்டரி தெளிப்பானில் நெம்புகோல் அடிக்கிற வேலை இல்லை. மானியத்தில் கிடைக்குமா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். தூங்கும்போது நல்ல பக்கம் ஒருக்களித்து, வலிக்கிற கைக்கு அடியில் ஒரு தலையணை.

தள்ளிப்போடக் கூடாதவர்கள்

மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து, அன்றிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், பயிற்சி செய்து பார்க்கலாம் என்று 3 மாதம் காத்திருக்கக் கூடாது. அடிபட்டு முழுதாக அறுந்த நாணைச் சில வாரங்களுக்குள் தைப்பது நல்லது. நாளானால் தசை சுருங்கிக் கொழுப்பேறிவிடும். தோள் வீங்கிச் சிவந்து காய்ச்சல் அடித்தாலும் அன்றே மருத்துவமனை. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் அது தோளே அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். தோளை உருவிவிடுகிறேன், சொடக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென இழுப்பவர்களிடம் மட்டும் கையைக் கொடுக்காதீர்கள். உப்பு ஒத்தடத்தில் தப்பில்லை.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி தூங்க விடவில்லை, நாண் பாதிதான் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நினைக்கிறீர்கள், கடன் வாங்காமல் செலவு செய்யவும் முடியும் என்றால் பி.ஆர்.பி.யை யோசிக்கலாம். அப்போதும் கேட்க வேண்டியவை உண்டு. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி போடுவீர்களா, குத்துமதிப்பாகவா? ஏன் 3 ஊசி, முதல் ஊசிக்குப் பலன் இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாமா? மொத்தச் செலவு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இது வருமா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற டாக்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

‘எனக்கு 52 வயசு, சர்க்கரை இருக்கு. இடது கையைப் பின்னால கொண்டுபோய் கொண்டை போட முடியல. இதுக்கும் அந்த ஊசிதானா?’ (செந்துறை பகுதி வாசகி)

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாண் கிழிசலைவிடத் தோள் இறுக்கம் போலத் தெரிகிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். உங்கள் கையைத் தளரவிட்டு, வேறொருவர் தூக்கினாலும் ஏறவில்லை என்றால் இறுக்கம்தான். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெதுவாகத் தளர்வு என்று ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை இழுக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ஊஞ்சல், சுவர் ஏறும் பயிற்சிகளைத் தினமும் செய்யுங்கள். வலி கடுமையான ஆரம்ப காலத்தில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி நன்றாகக் கேட்கும். ஆனால் அதற்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

‘ஸ்டீராய்டு ஊசி போட்டா உடம்பே கெட்டுடும்னு சொல்றாங்களே?’ (ஆலத்தூர்)

ஒன்று போட்டால் கெடாது. சில வாரம் வலியைக் குறைத்து, பயிற்சி செய்ய வழிவிடும். வலிக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்டுக்கொண்டால்தான் நாண் பலவீனமாகும்.

‘எங்கப்பாவுக்கு முட்டித் தேய்மானம். அதுக்கும் பி.ஆர்.பி. சொல்றாங்க.’ (திருமானூர்)

ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு முட்டியில் 3 ஊசி போட்டு ஓராண்டு பார்த்தார்கள். 2021-ல் வெளியான முடிவில், வலியும் குறுத்தெலும்புத் தேய்மானமும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில்.

‘பி.ஆர்.பி. ஏற்கெனவே போட்டுக்கிட்டேன். எப்ப மருந்தடிக்கப் போகலாம்?’ (ஜெயங்கொண்டம்)

முதல் இரண்டு, மூன்று நாள் வலி கூடுவது இயல்பு. அதற்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். தட்டணுவின் வேலையைக் கெடுக்கும் என்பதால் டாக்டர்கள் தவிர்க்கச் சொல்வார்கள், பாராசிட்டமால் போதும். ஒரு வாரம் கனமாக எதையும் தூக்காமல், பிறகு ஊஞ்சல் பயிற்சியில் தொடங்கி, சைக்கிள் டியூபுக்கு வாருங்கள். முழு டேங்க் தூக்க ஆறு வாரமாவது ஆகட்டும். இந்தப் பருவத்து மருந்தடிப்புக்கு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.